இரண்டு பாதை, ஒரே டியூப்: நாகர்கோவில்–தக்கலை ஒளியிழை இணைப்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

புகார் சின்னதுதான். ஆனி, ஆடி மாதங்களில் மத்தியானம் தாண்டினால் வீடியோ கால் விட்டுவிட்டு வருகிறது, பொழுது சாய்ந்ததும் சரியாகிவிடுகிறது. தக்கலையில் ஹெட்-எண்டு (வீடுகளுக்கு இணைப்பு கிளம்பும் மைய நிலையம்) வைத்திருக்கும் கேபிள் ஆபரேட்டர் ஒருவரிடம் வாடிக்கையாளர்கள் இதை ஒவ்வொரு காற்றுக் காலத்திலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவருடைய கண்காணிப்புத் திரையிலோ எல்லாம் பச்சை. லிங்க் அப். டிராஃபிக் வரைபடத்தில் வழக்கமான ஏற்ற இறக்கம். ரவுட்டர் லாகில் ஒரு வரி கிடையாது. மோடத்தை மாற்றிப் பார்த்தார், ஸ்விட்சை மாற்றிப் பார்த்தார், கடைசியில் "உங்க வீட்டு வைஃபைதான் சரியில்லை" என்று சொல்லும் நிலைக்கு வந்திருந்தார்.

நாகர்கோவிலுக்கு வெளியே இருக்கும் எங்கள் பொறியியல் கல்லூரி ஆய்வகம் இதற்குள் வந்தது வேறு காரணத்துக்காக. ஒளியிழையின் நிலையை அது மாறுகிற வேகத்திலேயே அளந்து, அந்த அளவை வைத்து ரவுட்டரின் முடிவை மாற்ற முடியுமா என்று பார்க்க, ஊருக்குள் ஓடும் உண்மையான பாதை ஒன்று எங்களுக்கு வேண்டியிருந்தது. ஆய்வகத்தில் டிரம்மில் சுற்றிய 25 கிலோமீட்டர் ஃபைபர் இருக்கிறது. ஆனால் டிரம்மில் காற்றடிக்காது, அணில் கடிக்காது, ஜேசிபி வராது. ஆபரேட்டர் சும்மா கிடந்த கோர்களில் (கேபிளுக்குள் டியூப் டியூபாக ஓடும் தனித்தனி ஒளியிழைகள்) பாதைக்கு ஒரு ஜோடி தந்தார். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றே: இந்த மத்தியானத் தொல்லை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துத் தர வேண்டும். கல்லூரி விடுதியின் இணைய டிராஃபிக்கை அந்தக் கோர்களில் ஏற்றினோம். உண்மையான ஆட்கள் பயன்படுத்தாத பாதையில் என்ன நடந்தாலும் யாருக்கும் வலிக்காது.

பாதைகள் இரண்டு. நெடுஞ்சாலை வழியாகப் போவது ஒன்று: பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை. சாலைக் கணக்கில் சுமார் 15 கிலோமீட்டர். இன்னொன்று கடற்கரை வழி: ராஜாக்கமங்கலம், மணவாளக்குறிச்சி, குளச்சல் என்று போய், திங்கள்சந்தை, இரணியல் வழியாகத் தக்கலைக்கு ஏறுவது. நீளம் முதலாவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இரண்டுமே பெரும்பாலும் கம்பத்தில் தொங்கும் கேபிள். ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது என்பது ஆபரேட்டரின் தைரியம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கம்பங்களைச் சாய்த்துப் போட்டதைப் பார்த்தவர்கள், ஒற்றைப் பாதையை நம்பி இந்த மாவட்டத்தில் தொழில் செய்ய மாட்டார்கள்.

இதற்கு முன் செய்தவர்கள்

இந்த யோசனை எங்களுடையது அல்ல. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதி கொடுத்து நடத்திய ஜெனி என்ற சோதனை வலைத் திட்டத்தில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கெரன் பெர்க்மன் குழு இதைத்தான் எடுத்துக்கொண்டது. ஒளி அடுக்கின், அதாவது ரவுட்டருக்குக் கீழே ஒளியை அனுப்பி வாங்கும் தளத்தின், அளவீட்டைத் தனிக் கருவியாக ஓரத்தில் வைக்காமல் வலைக்குள்ளேயே பொதித்து, மேலடுக்கில் இருப்பவர்கள் அதை உடனுக்குடன் கேட்டுப் பெறும்படி செய்வது. வட கரோலினாவில் டியூக் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களை ரெஞ்சி ஆய்வு நிறுவனத்தோடு இணைத்த பென் என்ற ஃபைபர் வலையும் இதே காலத்தது. முறித்துப் பார்ப்பதற்கென்றே அதைக் கட்டினார்கள். ஆய்வாளர் வேண்டுமென்றே ஒரு பாதையைத் துண்டிக்கலாம், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். பிற்பாடு 2018 முதல் நியூயார்க்கின் மேற்கு ஹார்லெம் பகுதியில் கொலம்பியா, ரட்கர்ஸ், நியூயார்க் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்த காஸ்மாஸ் சோதனைத் தளம், நகரத் தெருவுக்கடியில் ஓடும் ஃபைபரையே ஆய்வகமாக்கியது.

இவர்கள் எல்லோரும் பிடித்துக்கொண்ட சிக்கல் ஒன்றுதான். ஒளி அடுக்குக்கு நிறையத் தெரியும். எவ்வளவு ஒளி வருகிறது, எவ்வளவு இரைச்சல் கலந்திருக்கிறது, பிழை திருத்தத்துக்கு முன் எத்தனை பிட் கெட்டுப்போய் வந்தது என்று எல்லாம் தெரியும். மேலே இருக்கும் ரவுட்டருக்குத் தெரிவதோ இரண்டு நிலைதான்: லிங்க் இருக்கிறது, லிங்க் இல்லை. பிழை திருத்தம் இந்த இடைவெளியை இன்னும் அகலமாக்குகிறது. நொடிக்கு 400 கிகாபிட் அனுப்பும் 400ஜி இசட்ஆர் தரத்தில், ஆயிரம் பிட்டுக்கு ஏறக்குறைய 12 பிட் தப்பாக வந்தாலும் எஃப்இசி என்ற பிழை திருத்தம் சரிசெய்து சுத்தமாக மேலே அனுப்பிவிடும். அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் ஒன்றும் தேறாது. எல்லைக்குச் சற்று முன்பு வரை ரவுட்டர் எல்லாம் நலம் என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

பெரிய வலைகளில் இது காசு விஷயம். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2,000க்கும் மேற்பட்ட இணைப்புகளின் ஒளித் தரத்தை நீண்ட காலம் பதிவு செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், தரம் குறையும்போது இணைப்பை அணைக்காமல் வேகத்தைக் குறைத்து ஓட்டினால் கால்வாசி வரையிலான முறிவுகளைத் தவிர்க்கலாம் என்று கண்டார்கள். முழுமுறிவு என்று கணக்கில் எழுதப்பட்டவற்றில் பல, உண்மையில் பாதி உயிரோடு இருந்தவை.

எங்கள் பாதையில் பெருக்கிகள் கிடையாது. அதனால் நீண்டதூர வலைகளை வாட்டும் ஒரு தலைவலி எங்களுக்கு இல்லை. எர்பியம் பெருக்கி வழியாகப் பல அலைநீளங்கள் போகும்போது, ஒன்றைச் சேர்த்தாலோ எடுத்தாலோ மற்றவற்றின் திறனும் ஆடும். ஒன்றைக் காப்பாற்றப்போய் நான்கைக் கெடுக்கலாம். அந்த ஊர் ஆய்வுகளில் பாதிப் பக்கம் இதற்கே போகிறது. நாங்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டிவிட்டோம்.

ஒரு சதவீத ஒளி

இரண்டு பாதையிலும் 1550 நானோமீட்டரில் ஓடும் 10ஜி மாட்யூல், அதாவது நொடிக்கு 10 கிகாபிட்டை ஒளியாக அனுப்பி வாங்கும் சின்னக் கருவி. நெடுஞ்சாலைப் பாதையில் மட்டும், இருமுனையிலும் அலைநீள வடிகட்டி போட்டு, அதே ஃபைபரில் 1310 நானோமீட்டரில் ஒரு 25ஜி இணைப்பையும் சேர்த்தோம். இந்தச் சேர்க்கைதான் பின்னால் வழக்கைத் தீர்த்தது, ஆனால் போடும்போது அப்படி ஒரு திட்டம் இல்லை. 10ஜியில் பிழை திருத்தம் இல்லை, கெட்டது நேரே சிஆர்சி எண்ணிக்கையில் (கெட்டுப்போய் வந்த பொட்டலங்களின் கணக்கு) தெரியும். 25ஜியில் ரீட்–சாலமன் என்ற பிழை திருத்தம் உண்டு, எத்தனை தொகுதியைத் திருத்தியது என்ற கணக்கை லினக்ஸில் ஈத்டூல் கட்டளையே சொல்லும். இரண்டு விதமான கண்ணாடி வழியாக ஒரே ஃபைபரைப் பார்க்கலாம் என்பதுதான் அப்போதைய ஆசை.

மாட்யூல்களே தங்களுக்கு வரும் ஒளித் திறனைச் சொல்லும். எல்லோரும் அந்த எண்ணைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அதற்கான பொதுத் தரம் 3 டிபி (டெசிபல், திறனின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் அளவு) வரை கூடக் குறையப் பிழையை அனுமதிக்கிறது; 3 டிபி என்றால் பாதிக்குப் பாதி. அதனால் எண்ணை நம்பக் கூடாது, எண்ணின் மாற்றத்தை நம்பலாம். இன்னொரு குறை, ஆபரேட்டரின் மென்பொருள் அந்த எண்ணை 5 நிமிடத்துக்கு ஒரு தடவைதான் கேட்கிறது. கேட்கிற அந்தக் கணத்தில் காற்று அடித்திருந்தால்தான் உண்டு.

வேகமாக அளக்கப் பெரிய செலவு ஆகவில்லை. பெறும் முனையில், வடிகட்டிக்குப் பிறகு 1550 கிளையில், ஒரு சதவீத ஒளியைப் பிரிக்கும் கப்ளர். வரும் திறன் மைனஸ் 10 டிபிஎம் அளவு, அதாவது 100 மைக்ரோவாட். அதில் ஒரு சதவீதம் 1 மைக்ரோவாட். இண்டியம் காலியம் ஆர்செனைடு ஃபோட்டோடையோடு அதை ஏறக்குறைய 1 மைக்ரோ ஆம்பியராக மாற்றும். ஒரு மெகா ஓம் மின்தடை கொண்ட பெருக்கிச் சுற்று அதை 1 வோல்ட்டாக்கும். மைக்ரோகண்ட்ரோலர் அந்த வோல்ட்டை நொடிக்கு ஆயிரம் தடவை படிக்கும். மாணவர்கள் இதைப் பொதுப்பலகையில் சால்டர் வைத்தே முடித்தார்கள். இணைப்புக்கு இதனால் ஏற்படும் இழப்பு கணக்கில் எடுக்க வேண்டாத அளவு.

திரையில் வந்த காற்று

மத்தியானம் சாயும் நேரத்தில், ஒளித் திறனைக் காட்டும் கோடு திரையில் ஆடத் தொடங்கியது. மெதுவான சரிவு அல்ல. அரை நொடிக்கும் குறைவான பள்ளங்கள், கொத்துக் கொத்தாக. சில பள்ளங்கள் பல டிபி ஆழம். கொத்து முடிந்ததும் கோடு பழைய இடத்துக்கே திரும்பி நிற்கிறது. ஆழமான பள்ளம் ஒவ்வொன்றுக்கும் கீழே சிஆர்சி எண்ணிக்கை ஒரு படி ஏறியிருந்தது.

ரவுட்டர் லாகில் ஏன் ஒன்றும் இல்லை என்பது இப்போது புரிந்தது. ரவுட்டர்கள் பாதை தேர்ந்தெடுக்கும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறை, வழக்கமான அமைப்பில் 10 நொடிக்கு ஒரு ஹலோ (உயிரோடு இருக்கிறேன் என்ற சிறு செய்தி) அனுப்பும். 40 நொடி ஒன்றும் வராவிட்டால்தான் அண்டை ரவுட்டர் செத்துவிட்டது என்று முடிவு செய்யும். அரை நொடிப் பள்ளத்தில் ஒரு ஹலோ தொலைந்தாலும் அடுத்தது வந்து சேர்ந்துவிடும். மாட்யூலும் ஒளி இல்லை என்று கூவும் அளவுக்குப் பள்ளம் ஆழமாகவில்லை. கோப்பு இறக்குபவருக்கு வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வீடியோ காலில் இருப்பவருக்கு எதிரே உள்ளவரின் முகம் உறைந்துவிடும். வாடிக்கையாளர் சொன்னதும் உண்மை, திரை காட்டிய பச்சையும் உண்மை.

இதே நேரத்தில் 25ஜி இணைப்பு அசையாமல் இருந்தது. அதை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிழை திருத்தம் இருப்பதால் தாங்குகிறது என்று ஒரு மாணவி குறிப்பேட்டில் எழுதியிருந்தார். நியாயமான யூகம்தான். ஆனால் திருத்திய தொகுதிகளின் எண்ணிக்கைகூட ஏறவில்லை என்பதையும் அதே பக்கத்தில் அவரே எழுதியிருந்தார்.

ரவுட்டரின் கையில் கொடுத்தபோது

அடுத்தது அடுக்கிடைக் கட்டுப்பாடு, அதாவது ஒளி அடுக்கின் அளவைக் கேட்டு ரவுட்டரை நகர்த்துவது. ஒரு பைத்தான் நிரல் திறன் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். வழக்கமான அளவிலிருந்து 2 டிபி இறங்கினால், அந்தப் பாதையின் ஓஎஸ்பிஎஃப் காஸ்ட்டை உயர்த்தும்; காஸ்ட் கூடின பாதையை ரவுட்டர் தவிர்க்கும். போர்ட்டை அணைப்பதில்லை. காஸ்ட்டை உயர்த்தினால், புதுப் பாதை கணக்கிடப்படும் வரை பழைய பாதையே பொட்டலங்களைச் சுமந்துகொண்டிருக்கும், இடையில் எதுவும் விழாது. டிராஃபிக் கடற்கரை வழிக்கு மாறும். நெடுஞ்சாலை அமைதியானதும் காஸ்ட்டைப் பழையபடி இறக்கலாம்.

காகிதத்தில் ஒழுங்காக இருந்தது. காற்று வந்ததும் டிராஃபிக் அங்குமிங்கும் அலைந்தது. நெடுஞ்சாலையில் பள்ளம், கடற்கரைக்கு மாறு. கடற்கரையில் பிழை, திரும்பி வா. விடுதிப் பிள்ளைகள் முன்பைவிட அதிகமாகத் திட்டினார்கள்.

இப்படி அலைவது இந்தத் துறையில் பழைய வியாதி, அதனால் சந்தேகம் நேரே டைமர் மேல் விழுந்தது. கெடும்போது வேகமாக நகர வேண்டும், திரும்பும்போது மெதுவாக வர வேண்டும், போவதற்கும் வருவதற்கும் வேறு வேறு எல்லைகள் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். வெளியேற 2 டிபி, திரும்ப 1 டிபி, அதுவும் பத்து நிமிடம் தொடர்ந்து அமைதியாக இருந்தால் மட்டும் என்று வைத்தார்கள். அலைச்சல் நின்றது. பிழை நிற்கவில்லை. டிராஃபிக் கடற்கரை வழியில் பத்து நிமிடம் உட்கார்ந்து, அங்கேயும் அடி வாங்கியது.

கடற்கரைப் பாதையின் அளவீடு அதுவரை இன்னொரு பலகையில் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டின் கடிகாரமும் ஒன்றல்ல. இரண்டு ஃபோட்டோடையோடையும் ஒரே மைக்ரோகண்ட்ரோலரில் மாட்டியபோது விஷயம் வேறானது. இரண்டு கோட்டிலும் பள்ளம் ஒரே மில்லிநொடியில் விழுந்தது. வடிவமும் ஒன்று, ஆழமும் கிட்டத்தட்ட ஒன்று.

மின்சுற்றுக் கோளாறு என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். ஒளியே போகாத மூன்றாவது ஃபோட்டோடையோடு ஒன்றை மாட்டினார்கள், அதன் கோடு தட்டையாகக் கிடந்தது. அப்படியென்றால் ஆடுவது ஒளிதான். ஒரே காற்று இரண்டு பாதையையும் அடிக்கிறது என்று ஒருவர் சொன்னார். மணவாளக்குறிச்சியில் அடிக்கும் காற்றும் வில்லுக்குறியில் அடிக்கும் காற்றும் மில்லிநொடி சுத்தமாக ஒரே தாளத்தில் அடிக்காது. இரண்டு பாதைக்கும் ஃபைபர் நீளத்தில் 24 கிலோமீட்டர் வித்தியாசம் என்று வைத்தாலும், ஃபைபரில் ஒளி கிலோமீட்டருக்கு 5 மைக்ரோநொடி எடுக்கும். மொத்தம் 120 மைக்ரோநொடி. நொடிக்கு ஆயிரம் தடவை அளக்கும் கருவியில் அது தெரியவே தெரியாது. தக்கலை முனைக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் இரண்டும் ஒன்றாக நெரிந்தால், நாகர்கோவிலில் இப்படித்தான் தெரியும்.

ஆபரேட்டர் கொடுத்த வரைபடத்தில் அப்படி ஒரு இடமே இல்லை. இரண்டு கோடும் தக்கலைக்குள் வேறு வேறு பக்கத்திலிருந்துதான் நுழைந்தன. கேபிள் இழுக்கும் அண்ணனிடம் மாணவர்கள் அந்தப் படத்தைக் காட்டினார்கள்.

"இது பழைய படம்லா. ரோட்டு வேலைக்குக் கம்பம் மாத்துனப்பம் ரெண்டையும் ஒண்ணாக்கியாச்சு. தக்கலைக்குள்ள வாறது ஒரே கேபிளுதான். நீலமும் ஆரஞ்சும் ரோட்டு லைனு, வெள்ளையும் செவப்பும் கடப்புறம் லைனு. டியூபு ஒண்ணு."

"அப்போ ரெண்டு பாதைன்னு சொன்னது, அண்ணே?"

"படத்துல ரெண்டு கோடு போட்டா கம்பத்துல ரெண்டாயிருமா மக்கா?"

நெட்வொர்க் துறையில் இதற்கு முறையான பெயரே உண்டு, பகிர்ந்த அபாயக் குழு என்பார்கள். பாடமாகவும் நடத்துகிறோம். ரவுட்டர் தன் வரைபடத்தை அண்டை ரவுட்டர்கள் சொல்வதை வைத்து வரைகிறது. கம்பம் எங்கே நிற்கிறது, டியூப் எத்தனை என்பது அதற்கு யாரும் சொல்வதில்லை. மனிதர் யாராவது தட்டச்சு செய்து கொடுத்தால்தான் உண்டு, அந்த மனிதரின் படமும் பழசாகிவிடுகிறது. இங்கே அந்தத் தகவலை அளவீடே கொண்டுவந்து கொடுத்தது. இந்த ஆய்வில் எனக்கு மற்ற எதையும்விடப் பெரிதாகத் தோன்றுவது இதுதான். ஒளி அடுக்கைக் கேட்பது பாதை மாறுவதற்கு மட்டும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தோம். மாறுவதற்குப் பாதை இருக்கிறதா என்பதே அங்கேதான் தெரியும்.

கம்பத்தடி

பள்ளம் 1550இல் விழுகிறது, 1310இல் விழவில்லை. மாணவியின் குறிப்பேட்டுப் பக்கம் இப்போது அர்த்தமானது. ஜாயின்ட் மோசமானாலோ கனெக்டரில் அழுக்கிருந்தாலோ இரண்டு அலைநீளமும் ஏறக்குறைய ஒரே அளவு இழக்கும். ஃபைபர் மடங்கினால் அப்படியில்லை. நீளமான அலைக்கு ஒளி மையத்தை விட்டு அதிகம் பரவி ஓடும், மடிப்பில் அது எளிதாகக் கசியும். எனவே எங்கேயோ கேபிள் மடங்குகிறது, காற்றடிக்கும்போது மட்டும்.

ஃபைபருக்குள் ஒளித்துடிப்பு அனுப்பி, திரும்பி வரும் ஒளியை வைத்துக் கோளாறு எவ்வளவு தூரத்தில் என்று சொல்லும் கருவி ஓடிடிஆர். அதை ராத்திரியில் போட்டால் ஒன்றும் தெரியாது, அப்போது காற்று இல்லை. பகலில் போட்டால் இணைப்பு போகும். இங்கே வடிகட்டி உதவியது. தக்கலை முனையில் 10ஜியைக் கழற்றி அந்த 1550 வாயிலில் ஓடிடிஆரைச் செருகினார்கள். விடுதி டிராஃபிக் 1310இல் தன்பாட்டுக்கு ஓடியது. சராசரி எடுக்கும் முறையில் வைத்தால் பள்ளங்கள் கரைந்துபோகும். நேரடி முறையில் வைத்துக் காத்திருந்தார்கள். காற்று வரும்போது கோட்டில் ஒரே இடத்தில் ஒரு படி முளைத்தது, காற்று நின்றதும் மறைந்தது. பிறகு கடற்கரைப் பாதையின் ஃபைபரில் மாட்டினால் அதே தூரத்தில் அதே படி. அந்தத் தூரம் வரைக்கும் இரண்டு வரைபடத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் ஜாயின்ட்கள் எல்லாம் பொருந்தின.

100 நானோநொடிப் பல்ஸ் ஃபைபரில் சுமார் 10 மீட்டர் துல்லியம் தரும். ஆனால் ஓடிடிஆர் சொல்வது ஃபைபரின் மீட்டர், ரோட்டின் மீட்டர் அல்ல. ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் எதிர்கால வேலைக்கென்று கேபிளைச் சுருட்டி விட்டிருப்பார்கள். அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு ரோட்டில் அளந்தால் அடுத்த தெருவில் போய் நிற்போம். அண்ணன் விரலை மடக்கி வழியிலுள்ள சுருள்களை எண்ணிக் கழித்துக்கொண்டே நடந்தார். அவர் கழித்த கணக்கு எந்த ஆவணத்திலும் இல்லை.

டீக்கடைக்கு எதிர்க் கம்பம். அதில் தொங்கிய சுருளின் இடுப்பில் கட்டுக்கம்பி ஒன்று இறுக்கிச் சுற்றியிருந்தது. ஏதோ திருவிழாவுக்குச் சீரியல் செட் கட்டியவர்கள் போட்ட கம்பி. விளக்குகளைக் கழற்றிக்கொண்டு போனவர்கள் கம்பியை விட்டுவிட்டார்கள். வட்டமாக இருக்க வேண்டிய சுருள் நடுவில் குறுகி, கம்பி தொடும் இடத்தில் கேபிளின் கறுப்பு உறை தேய்ந்து பளபளத்தது. கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் கேபிள் காற்றில் ஆடும்போது சுருளை இழுக்கிறது, கம்பி அந்த இழுப்பை ஒரே புள்ளியில் வாங்குகிறது. இந்தக் கேபிளில் இருப்பது ஜி.652 ரகம், சுமார் 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழே மடக்கக் கூடாது. மடிப்பைத் தாங்கும் ஜி.657 ரகமாக இருந்திருந்தால் இந்தக் கம்பி யாருக்கும் தெரியாமலே இருந்திருக்கும்.

அண்ணன் கட்டிங் பிளேயரை எடுத்தார். கொஞ்சம் பொறுக்கச் சொன்னோம்.

"கண்டுபிடிச்ச பெறகும் அப்படியே விடணுமா சாரே?"

ஆய்வகத்துக்கு அந்தக் கோளாறு தேவைப்பட்டது. காரணம் தெரிந்த, நேரம் தெரிந்த, உண்மையான கோளாறு அடிக்கடி கிடைக்காது. ஆபரேட்டருக்கு வாடிக்கையாளர் தேவைப்பட்டார்கள். அவர் கோபப்பட்டது சரிதான் என்பேன். பென் போன்ற வலைக்கும் எங்களுடையதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான், முறிக்கும் உரிமை எங்களிடம் இல்லை. ஒரே ஒரு மத்தியானம் மட்டும் என்று ஒப்புக்கொண்டார்.

அந்த மத்தியானத்துக்கு நிரலின் விதியை மாற்றி எழுதினார்கள். ஒரு பாதையில் மட்டும் பள்ளம் விழுந்தால் மற்றப் பாதைக்குப் போ. இரண்டிலும் ஒரே நேரத்தில் விழுந்தால் பாதையை மாற்றாதே, அலைநீளத்தை மாற்று: அதே நெடுஞ்சாலை ஃபைபரில் 1550இலிருந்து 1310க்கு. 1310உம் சேர்ந்து விழுந்தால் அது மடிப்பு அல்ல. எதையும் நகர்த்தாமல் அண்ணனின் போனுக்குச் செய்தி அனுப்பு. முதல் கொத்துப் பள்ளம் வந்ததும் விடுதி டிராஃபிக் 25ஜிக்கு ஏறியது, காற்று ஓயும் வரை அங்கேயே இருந்தது. 10ஜியில் சிஆர்சி ஏறிக்கொண்டே போனது, அதில் அப்போது யாருடைய பொட்டலமும் இல்லை. மடங்கிய அதே கேபிள், மடங்கிய அதே இடம். கோளாறின் காரணம் தெரியாமல் இப்படி ஒரு விதியை எழுதவே முடியாது. கெட்ட பாதையிலேயே தங்கு என்று எந்த ரவுட்டிங் புத்தகமும் சொல்லாது.

சாயங்காலம் அண்ணன் கம்பியை வெட்டி, சுருளைப் பெரிய வட்டமாக்கி, குறுக்குச் சட்டத்தில் தளர்வாகக் கட்டினார். மறுநாள் காற்றுக்குக் கோடு ஆடவில்லை.

மிச்சம்

பதிவான பள்ளங்கள் எங்களிடம் இருக்கின்றன. மின்னழுத்தத்தால் இயங்கி ஒளியைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் ஒன்றை டிரம் ஃபைபருக்கு முன்னால் வைத்து, அந்தப் பதிவை அதற்கு ஊட்டினால் தக்கலைக் காற்று ஆய்வகத்துக்குள் அடிக்கிறது. புது விதி எழுதும் ஒவ்வொரு மாணவரும் முதலில் இதைத் தாண்ட வேண்டும். முழுமுறிவுச் சோதனைகளையும் இங்கேயே செய்கிறோம்.

இந்தக் கருவி எல்லாவற்றுக்கும் காது கொடுக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜேசிபி பல் கேபிளில் பட்டால் முன்னறிவிப்பு கிடையாது. 1310இல் ஒதுங்கும் வித்தையும் மடிப்புக்கு மட்டும்தான் செல்லும், அதுவும் அந்தத் தூரத்தை எட்டும் மாட்யூல் கைவசம் இருந்தால்.

தக்கலைக்குள் வரும் கடைசிப் பகுதி இன்னும் ஒரே கேபிள்தான். இரணியல் பக்கமிருந்து தனிக் கேபிள் இழுக்க ஆபரேட்டர் விலை கேட்டிருக்கிறார். கேபிளைவிடக் கம்பத்துக்கு அனுமதி வாங்குவதுதான் பெரிய வேலை என்கிறார். அது நடக்கும்வரை நிரலில் இரண்டு பாதையும் ஒரே அபாயக் குழு என்றே பதிவாகியிருக்கிறது. ஆபரேட்டர் அலுவலகச் சுவரில் இருந்த வரைபடத்தில் அண்ணன் சிவப்புப் பேனாவால் கடைசிக் கோட்டைத் திருத்திவிட்டார்.